சலூன் பதாகையில் என் மகளின் சுருட்டை முடி: நான் யார் மீது புகார் கொடுப்பது?

கடிதம்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறு டவுனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நான்கு பக்கம் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் என்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கணவர் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மகளுக்கு 11 வயது, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. மகனுக்கு 7. மகளுக்கு அப்பா வழிப் பாட்டியிடமிருந்து வந்த அடர்ந்த சுருட்டை முடி. தினமும் காலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரட்டைச் சடை பின்னி, கருநீல ரிப்பன் கட்டி மடித்துவிட அரை மணி நேரம் ஆகுமாம். பள்ளியில் பையன்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘குருவிக்கூடு’.

அதே தோட்டத்தில் வளர்ந்த ஒரு பையன் கோலாலம்பூரில் கல்லூரியில் புகைப்படக் கலை படிக்கிறார். இறுதியாண்டுப் பணிக்காகத் தோட்டத்துப் பிள்ளைகளைப் படம் எடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: தலைமுடியை எப்படி வைத்துக்கொள்வது என்று பிள்ளைதான் முடிவு செய்யும், பெரியவர்கள் தலையிடக்கூடாது. ஒரு சிறுமி ஐந்து குடுமி போட்டு வந்தாள். வேண்டுதலுக்காக முடி வளர்க்கும் ஒரு பையன், அதை முதல் முறையாக முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். நம் வாசகியின் மகள் பள்ளிவிட்டு வந்த கையோடு இரண்டு சடையையும் அவிழ்த்துவிட்டாள். “சரி தம்பி, எடுத்துக்கோ” என்று அம்மாதான் சொன்னார். தாளில் எதுவும் எழுதவில்லை. பொங்கலுக்கு அந்தப் படங்களைத் தோட்ட மண்டபத்தில் மாட்டினார்கள். ஊரே வந்து பார்த்தது. அப்புறம் அந்தத் தம்பி அவற்றைப் படவரியில் (இன்ஸ்டாகிராம்) ஏற்றினார். அங்கிருந்து யாரோ புலனத்தில் (வாட்ஸ்அப்) பரப்பினார்கள்.

சில வாரம் கழித்து, டவுனில் புதிதாகத் திறந்த ஓர் அழகு நிலையத்தின் வாசலில் பதாகை ஏறியது. முடியை நேராக்கும் சேவைக்கு விளம்பரம். இடப்பக்கம் ‘முன்பு’ என்று போட்டு, அதன் கீழே இந்தப் பிள்ளையின் படம். அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. வலப்பக்கம் ‘பின்பு’ என்று போட்டு, வேறு யாரோ ஒரு பெண்.

பள்ளிப் பிள்ளைகள் சிலர் அந்தப் பதாகை முன் நின்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை ஆறு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. எனக்கும் முடியை நேராக்கிவிடுங்கள் என்று அழுகிறாள். கணவர் பதாகையைக் கிழிக்கக் கிளம்பினார், பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். பாட்டி, “தலைவிரி கோலமா உட்கார்ந்து படம் எடுத்தா இப்படித்தான்” என்கிறார். தலைமையாசிரியர், படத்தில் சீருடையும் பெயர்ப்பட்டையும் தெரிவதால் பள்ளிக்குக் கெட்ட பெயர், எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள் என்று போன் செய்திருக்கிறார். அழகு நிலையம் நடத்துபவர் நம் வாசகியோடு ஒன்றாகப் படித்தவர். “புலனத்தில வந்துச்சு, யார் பிள்ளைன்னு தெரியாது. கோபப்படாதே, உன் மகளுக்குக் காசில்லாமலே நேராக்கித் தர்றேன்” என்கிறாராம்.

தாய் கேட்பது: அந்தப் பையன் மீது போலீசில் புகார் கொடுக்கலாமா? வாயால் சரி என்று சொல்லிவிட்டதால் எனக்கு உரிமை போய்விட்டதா? படங்கள் அத்தனையையும் அழிக்க வைக்க முடியுமா? முடியை நேராக்கிவிட்டால் பிரச்சினை இதோடு முடியுமா?

பதில்

சகோதரி, உங்கள் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி, பிறகு அடித்திருக்கிறீர்கள். அடித்த பிறகும் படிக்க முடிகிறது: “அவளுக்கு அந்தப் பழைய படம் வேண்டுமாம்.” எனக்கு இந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். என் பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் இணைத்திருந்த இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் உங்கள் மகள் பழைய லயத்து வீட்டின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். சாயங்கால வெயில் பின்னாலிருந்து முடிக்குள் புகுந்து வருகிறது. காலையில் சடை மடித்துக் கட்டிய இடத்தில் முடி இன்னும் மடங்கியே நிற்கிறது. வலது கையில் இரண்டு ரிப்பனையும் சுருட்டி இறுக்கிப் பிடித்திருக்கிறாள். சிரிக்கவில்லை. ஆனால் கேமராவை நேராகப் பார்க்கிறாள், முகவாய் சற்றே உயர்ந்திருக்கிறது. இரண்டாவது படத்தில், அதாவது பதாகையில், அதே முகம்தான். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டார்கள், படத்தை இருட்டாக்கியிருக்கிறார்கள். ரிப்பன் இல்லை, படி இல்லை, வெயில் இல்லை. மேலே சிவப்புக் குறி.

முதல் படம் அவளே மனம்வந்து கொடுத்தது. இரண்டாவது அவளைக் கேட்காமல் பறித்தது. நீங்கள் இப்போது கோபத்தில் இரண்டையும் ஒரே குப்பையில் போடப் பார்க்கிறீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் பிள்ளையாக இருந்தால் எனக்கும் கை நடுங்கும். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். முதல் படத்தையும் சேர்த்து அழித்தால், பதாகையில் சிவப்புக் குறி போட்டவர் சொன்னதையே வீட்டிலும் சொன்னதாக அவள் எடுத்துக்கொள்வாள்.

அந்தத் தம்பி மீது புகார் வேண்டாம், ஆனால் அவரிடம் பேச வேண்டும்

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் கீழ் அவரை ‘உள்ளே தள்ள’ முடியும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நீதிமன்ற வழக்கில் சம்பந்தப்பட்ட, அல்லது குற்றத்தால் பாதிக்கப்பட்ட, அல்லது சாட்சியாக இருக்கும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு சூழலுக்கு எழுதப்பட்டது. பெற்றோர் சம்மதத்தோடு வீட்டு வாசலில் எடுத்த படம் அதற்குள் வராது.

பத்துமலையில் உங்கள் மகனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியபோது சுற்றுப்பயணிகள் எத்தனையோ பேர் படம் எடுத்தார்கள், அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. எடுத்த படத்தை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சட்டம் நுழைகிறது. நாளைக்கே உங்கள் மகனின் மொட்டைத் தலையைப் பேன் மருந்து விளம்பரத்தில் போட்டால், அப்போது நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை.

தம்பி செய்த தவறையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் சம்மதித்தது அவருடைய கல்லூரிப் பணிக்கும் மண்டபத்தில் மாட்டுவதற்கும்தான். படவரியில் ஏற்றும் முன் உங்களிடமும் உங்கள் மகளிடமும் அவர் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். அதைவிடக் கவலை தருவது பெயர்ப்பட்டை. முகம், பெயர், பள்ளிச் சின்னம், படத்தின் கீழே தோட்டத்தின் பெயர்: நான்கும் சேர்ந்தால், முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பள்ளி வாசலில் நிற்க முடியும். இந்த ஒரு விஷயத்துக்காகப் படத்தை இன்றே படவரியிலிருந்து இறக்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாதபடி வெட்டிய படத்தைப் பிறகு ஏற்றலாமா என்பது உங்கள் மகளும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

அவர் எந்த யோசனையில் இதைத் தொடங்கினார் என்றும் எழுதியிருந்தீர்கள். ஜே.டி. ஒகாய் ஒஜெய்கெரெ என்ற நைஜீரியப் புகைப்படக் கலைஞரைப் பார்த்துத்தான் என்று உங்களிடம் சொன்னாராம். 1930இல் பிறந்து 2014இல் மறைந்தவர் அவர். 1968இல் தொடங்கிப் பல பத்தாண்டுகளாகத் தம் நாட்டுப் பெண்களின் தலைமுடி அலங்காரங்களை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் படங்களாக எடுத்துவைத்தார். வெறும் பின்னணி, கறுப்பு வெள்ளை. அவற்றில் மிகப் பலவற்றைத் தலையின் பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோதான் எடுத்தார். முகத்தைக் காட்டாமலே ஒரு பெண்ணின் கையும் பொறுமையும் ஊரும் அந்தப் பின்னலில் தெரியும். தம்பி அடுத்த முறை பிள்ளைகளை எடுக்கும்போது அந்தப் பின்பக்கக் கோணத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் முடியைப் பற்றிய படத்துக்கு எல்லாரின் முகமும் வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்று. அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ‘என் பிள்ளையின் படம், அதனால் காப்புரிமை எனக்கு’ என்று நினைக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால் கதை வேறு. இங்கே அப்படி இல்லை. ஆகவே அழகு நிலையம் உங்கள் மகளைக் கேட்காதது ஒரு தவறு, அவரைக் கேட்காமல் படத்தை எடுத்து வெட்டி ஒட்டியது இன்னொரு தவறு. இந்த இரண்டாவது தவறுக்கு நடவடிக்கை எடுக்கக்கூடியவர் அவர்தான். படம் இணையத்தில் எங்கெல்லாம் ஓடுகிறதோ அங்கெல்லாம் சேவை வழங்குநருக்கு அவர் முறைப்படி அறிவிப்புக் கொடுத்தால், 48 மணி நேரத்துக்குள் அதை அகற்ற வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்களைவிட அவருக்கு இது எளிது.

அழகு நிலையத்துக்கு எதிராக உங்கள் கையில் இருப்பவை

‘வாயால் சரி என்று சொல்லிவிட்டேனே’ என்று நீங்கள் பயப்பட வேண்டாம். நீங்கள் சரி சொன்னது தம்பிக்கு. அந்த அழகு நிலையத்துக்கு நீங்கள் எதையும் சொல்லவில்லை. ஒருவருக்குக் கொடுத்த சம்மதத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது.

2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்குப் பொருந்தும். குடும்பத் தேவைக்கும் கலைப் படைப்புக்கும் அதில் விலக்குகள் இருப்பதால் தம்பியின் கல்லூரிப் பணியை அதற்குள் இழுப்பது கடினம். வியாபாரப் பதாகைக்கு அந்த விலக்கு எதுவும் இல்லை. யாரென்று அடையாளம் தெரியும் முகம் தனிநபர் தரவுதான். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையென்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். ‘யார் பிள்ளைன்னு தெரியாது’ என்று அவர் சொல்வது, சம்மதம் வாங்கவில்லை என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்வதுதான். இந்தச் சட்டத்தை 2024இல் திருத்தி, அதன் கோட்பாடுகளை மீறுவதற்கான அபராதத்தின் உச்சவரம்பை 300,000 ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு உயர்த்தினார்கள். உங்கள் ஊர்க் கடைக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. இது விளையாட்டு விஷயம் இல்லை என்று உங்கள் தோழிக்குப் புரியவைக்க அந்த எண் உதவும்.

அடுத்தது, அந்த விளம்பரமே பொய். உங்கள் மகள் அங்கே போனதே இல்லை. ‘பின்பு’ என்ற பக்கத்தில் இருப்பது வேறொரு பெண். செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டி வாடிக்கையாளர்களை இழுப்பது 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்கு எதிரானது. உள்நாட்டு வாணிப அமைச்சின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.

அந்தரங்க உரிமையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அரசமைப்புச் சட்டத்தில் அந்தச் சொல் நேரடியாக இல்லை. ஆனால் தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்கமும் அடங்கும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010இல் ஒரு தீர்ப்பில் சொன்னது. சம்மதமில்லாமல் ஒரு நோயாளியைப் படம் எடுத்த விஷயத்தில், அந்தரங்கத்தை மீறியதற்காக வழக்குத் தொடரலாம் என்று பினாங்கு உயர்நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வழக்குப் போட்டால் நிச்சயம் வெல்வீர்கள் என்று சொல்லி உங்கள் பணத்தைச் செலவழிக்க வைக்க மாட்டேன். அவசரமும் இல்லை. தனியார் மீதான இதுபோன்ற வழக்குக்கு ஆறு ஆண்டுக் கெடு. பிள்ளை விஷயத்தில் அந்த ஆறு ஆண்டு, அவளுக்கு 18 வயது ஆன பிறகுதான் ஓடத் தொடங்கும். நீங்கள் இப்போது தொடுக்காமல் விட்டாலும் நாளை அவளே தொடுக்கலாம்.

இப்போது வேண்டியது பதாகை கீழே இறங்குவது. அதற்கு நான் சொல்லும் வழி இது. முதலில் பதாகையைக் கடைப் பெயரும் தெருவும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கடையின் முகநூல், படவரிப் பக்கங்களில் அந்த விளம்பரம் இருந்தால் தேதியோடு திரைப்பிடிப்பு எடுங்கள். இதைச் செய்யாமல் யாரிடமும் பேசப் போகாதீர்கள். பேசியவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ‘நாங்கள் போடவே இல்லை’ என்றும் சொல்லலாம். அப்புறம் நீங்களும் தம்பியும் சேர்ந்தே கடைக்குப் போங்கள். கணவர் வர வேண்டாம், அவருடைய கோபம் நியாயமானதாக இருந்தாலும். பதாகையை அவர் கிழித்தால் அடுத்தவர் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் அவர் மேல் வரும். அதன் பிறகு பேச்செல்லாம் பதாகையைப் பற்றியே இருக்கும், பிள்ளையைப் பற்றி இருக்காது.

கையில் ஒரு கடிதம் கொண்டுபோங்கள். நீளமாக வேண்டாம். ‘என் மகளின் படத்தை என் சம்மதமின்றி உங்கள் விளம்பரத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்கள். பதாகையை 24 மணி நேரத்துக்குள் இறக்கவும். இணையத்தில் இட்டவற்றை நீக்கவும். இந்தப் படத்தை இனி எங்கும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவும். படத்தை யாரிடமிருந்து பெற்றீர்கள் என்று தெரிவிக்கவும்.’ இவ்வளவு போதும். மலாயில் எழுதினால் பிறகு அதிகாரிகளிடம் காட்ட எளிது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார், வாணிப அமைச்சில் புகார், பதாகைக்கு உரிமம் இருக்கிறதா என்று உள்ளூர் மன்றத்தில் ஒரு விசாரிப்பு. மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடலாம். வழக்கறிஞர் வேண்டுமென்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பதாகையின் படத்தைப் போட்டு, கடையின் பெயரையும் போட்டு, முகநூலில் திட்டி எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும் என்பது ஒரு காரணம். நியாயம் கேட்பதாக நினைத்துப் பகிரும் ஒவ்வொருவரும் அந்தச் சிவப்புக் குறி போட்ட முகத்தை இன்னும் நூறு பேருக்குக் காட்டுவார்கள் என்பது பெரிய காரணம்.

தலைமையாசிரியர் சொன்னது

பெயர்ப்பட்டை விஷயத்தில் அவர் சொல்வது சரி. பட்டையைக் கழற்றக்கூடியதாக வைத்துக்கொள்ளக் கல்வி அமைச்சே வழிவிட்டிருக்கிறது. பள்ளிவிட்டதும் கழற்றிவைக்க மகளைப் பழக்குங்கள். ஆனால் பள்ளி முடிந்து வீட்டு வாசலில் ஒரு பிள்ளை சடையை அவிழ்த்ததால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்பதை நான் ஏற்கவில்லை. பெண்பிள்ளைகளின் நீள முடியைக் கட்ட வேண்டும், பின்ன வேண்டும், சாயம் பூசக்கூடாது என்று விதி வைக்கப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு. உங்கள் மகள் தினமும் அதன்படிதான் போகிறாள். முடி சுருட்டையாகப் பிறந்ததை எந்த விதியும் தவறு என்று சொல்லவில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் இருக்கிறதாமே, நமக்கும் இருக்கிறதா என்று கேட்டீர்கள். கலிபோர்னியா மாநிலம் 2019இல் ‘கிரவுன் சட்டம்’ என்று ஒன்றை இயற்றியது. ஓர் இனத்தோடு தொடர்புள்ள முடியின் இயல்பையோ பின்னலையோ காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். கறுப்பினப் பிள்ளைகள் முடிக்காகப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட வேதனையிலிருந்து பிறந்த சட்டம் அது. பிறகு வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. மலேசியாவில் முடிக்கென்று அப்படி ஒரு சட்டம் இல்லை. அதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துப் பேசினால் வாதம் தோற்கும். நீங்கள் எடுத்துப் பேச வேண்டியது வேறு. ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை உடன்படிக்கையில் நம் நாடு 1995இல் சேர்ந்தது. அதன் 12ஆம் விதி, பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. 16ஆம் விதி அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. கருத்தை வெளிப்படுத்தும் உரிமையைச் சொல்லும் 13ஆம் விதிக்கு முதலில் வைத்திருந்த தடையையும் மலேசியா 2010இல் விலக்கிக்கொண்டது. இதை வைத்து நேரே வழக்குப் போட முடியாது. ஆனால் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசும்போது இது வலுவான அடித்தளம்.

பேசப் போகும்போது படத்தை விட்டுவிட்டு ‘குருவிக்கூடு’ என்ற பட்டப்பெயரிலிருந்து தொடங்குங்கள். பதாகை முன் நின்று படம் எடுத்து அனுப்பிய பிள்ளைகள் செய்தது பகடிவதை. அதைத் தடுப்பது பள்ளியின் கடமை. பதாகை வருவதற்கு முன்பே அது அவர்கள் வேலையாக இருந்தது. வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியர் இருந்தால் அவரிடமும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் மகள் திரும்பி வரும் முதல் நாள் யார் அவளோடு இருப்பார்கள், ஓய்வு நேரத்தில் எங்கே உட்காருவாள் என்பது வரை கேட்டு வாங்குங்கள்.

அந்த இலவச வேலையைப் பற்றி

முடியை நேராக்கும் வேலையில், முடியின் உள்ளே இருக்கும் பிணைப்புகளை ஒரு ரசாயனத்தால் உடைத்து, சூடான இரும்பால் இழுத்து நேராக்கி, இன்னொரு ரசாயனத்தால் மறுபடி இறுக்குகிறார்கள். மண்டையில் படுமானால் எரிச்சலும் புண்ணும் வரலாம், முடி முறியலாம். ‘கெராட்டின்’ என்ற பெயரில் வரும் சில கலவைகள் சூட்டில் ஃபார்மல்டிஹைடு வாயுவை வெளிவிடுகின்றன. புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வகைப்படுத்திய பொருள் அது. 11 வயதுப் பிள்ளைக்கு இதைச் செய்யும் முன் தோல் மருத்துவர் ஒருவரைக் கேட்காமல் இருக்காதீர்கள். அதோடு, முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். வேரிலிருந்து வருவது சுருட்டையாகத்தான் வரும். பாதி நேராகவும் பாதி சுருட்டையாகவும் நிற்கும் ஆறாவது மாதத்தில் ‘குருவிக்கூடு’ என்பதைவிட மோசமான பெயர் கிடைக்கும்.

சட்டப்படியும் அது உங்களுக்குப் பாதகம். அந்த இலவச வேலையை ஏற்றுக்கொண்டால், அதுவே இழப்பீடு, பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நாளை அவர் சொல்வார். போதாக்குறைக்கு, பொய்யாக இருந்த விளம்பரம் உண்மையாகிவிடும்: ‘முன்பு’ உங்கள் மகள், ‘பின்பு’ம் உங்கள் மகள். தயவுசெய்து வேண்டாம்.

உங்கள் மகளுக்கு 17, 18 வயதில் ஒரு நாள் நேராக்கிப் பார்க்க ஆசை வந்தால் அது அவள் இஷ்டம். அப்போது நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இப்போது அவள் கேட்பது அழுகையில் கேட்பது.

பாட்டியும் மகளும்

உங்கள் மாமியாரிடம் சண்டை வேண்டாம். அதே முடி அவருக்கும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலையாள் கணக்கெடுப்புக்கு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்மரம் வெட்டப் போன தலைமுறை. முடியை அவிழ்த்துவிட அவருக்கு நேரமும் இடமும் இருந்திருக்காது. தலைவிரி கோலம் என்றால் துக்க வீடு என்றே அவர் கண்ணுக்குப் படும். பழைய தமிழில் பெண்களின் கூந்தலை ‘ஐம்பால்’ என்றார்கள். அந்த ஐந்து வகை எவை என்று உரையாசிரியர்கள் தரும் ஒரு பட்டியலில், முடி, கொண்டை, குழல், பனிச்சை ஆகியவற்றோடு ‘சுருள்’ என்பதும் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு, சின்ன வயதில் அவருடைய முடியை என்னென்ன சொன்னார்கள் என்று பேத்தியை வைத்துக்கொண்டே கேளுங்கள். பேத்திக்கு அந்தக் கதை வேண்டும்.

நானும் தோட்டத்தில்தான் படித்தேன். மூன்றாம் ஆண்டில் எனக்கு மொட்டை அடித்திருந்தார்கள், வேண்டுதல். அந்த வாரம் வகுப்புப் படம் எடுக்க ஆள் வந்தார். ‘படம் அசிங்கமாயிடும்’ என்று ஓர் ஆசிரியை என்னைக் கடைசி வரிசையில் உயரமான இரண்டு பையன்களுக்குப் பின்னால் நிற்க வைத்தார். அந்தப் படம் இன்னும் என் அம்மா வீட்டில் இருக்கிறது. அதில் நான் ஒரு நெற்றி, ஒரு காது. சிறு வயதில் எனக்கு இருக்கும் வகுப்புப் படம் அது ஒன்றுதான். அதனால்தான் அடித்துப்போட்ட அந்த வரி என்னை விடவில்லை.

இன்று இரவு எண்ணெய் வைக்கும்போது அவளிடம் கேளுங்கள். பள்ளிக்கு எப்போது போகிறாய் என்பதை இன்று கேட்க வேண்டாம். பதாகையை இறக்கப் போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் படி மேல் எடுத்த படத்தை என்ன செய்யலாம் என்று கேளுங்கள்: தம்பியிடமிருந்து பெரிதாக அச்சிட்டு வாங்கி வீட்டில் மாட்டுவதா, பெயர் தெரியாமல் வெட்டி மறுபடி ஏற்ற விடுவதா, யாருக்கும் காட்டாமல் அவளே வைத்துக்கொள்வதா. அவள் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் கடைசி வார்த்தை சொல்லுங்கள். மற்றதை அவளுக்கு விடுங்கள். சாப்பிடாமலோ தூங்காமலோ இருந்தால், தன்னையே வெறுத்துப் பேசினால், அரசாங்க மருத்துவமனையில் சிறார் மனநலப் பிரிவு இருக்கிறது. 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணையும் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கடைக்குப் போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவர்கள் கையெழுத்துப் போட மறுத்தால், அடுத்த கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.